மனுவில் கையெழுத்திட்டால் பயங்கரவாதியா?

செம்பனை ஆலைக் கழிவு ஆற்றில் கலப்பதை எதிர்த்து மனுவில் கையெழுத்திட்டவர்கள் "சுற்றுச்சூழல் பயங்கரவாதிகள்" என்றும், அவர்களைப் பிடித்து உள்ளே வைக்கலாம் என்றும் நம் தோட்டப் பட்டணத்துப் புலனக் குழுக்களில் பரவும் தகவல் முற்றிலும் பொய். இதை நம்பிப் பெரியவர்கள் சிலர் தங்கள் பெயரை நீக்கச் சொல்வது வேதனை அளிக்கிறது.

அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. 2002இல் தந்த விளக்கத்தின்படி, சுற்றுச்சூழல் சார்ந்த அரசியல் நோக்கத்துக்காக ஒரு குழு மனிதர்கள்மீதோ சொத்துகள்மீதோ குற்றத்தன்மையுள்ள வன்முறையைக் கையாள்வதும், கையாளப்போவதாக மிரட்டுவதுமே சுற்றுச்சூழல் பயங்கரவாதம் என்ற சொல்லின் பொருள். 1998இல் கொலராடோவின் வேயில் பனிச்சறுக்குத் தலத்தில் பூமி விடுதலை முன்னணி என்ற தீவிரச் சூழல் குழுவினர் வைத்த தீயில் ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் டாலர் சேதம் ஏற்பட்டது. உயிர்ச்சேதம் இல்லாத அத்தீவைப்பையே அப்படி அழைக்கலாமா என்று வாதிடுவோர் உண்டு. மனுவை அப்படி அழைப்பதோ அநியாயம்.

மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 130பி பிரிவு, உயிருக்கோ பொதுமக்கள் பாதுகாப்புக்கோ கேடு விளைவிக்கும் நோக்கமில்லாத எதிர்ப்பையும், மாற்றுக்கருத்தையும், (தோட்ட மக்கள் கவனிக்க வேண்டும்) தொழிலாளர் போராட்டத்தையும்கூடப் பயங்கரவாத வரையறையிலிருந்து விலக்கியிருக்கிறது. மாறாக, ஆற்று நீரின் பிராணவாயுவைக் குறைத்து மீன்களைச் சாகடிக்கும் அந்தப் பழுப்புநிறக் கழிவை வரம்பு மீறி வெளியேற்றுவதுதான் 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம். இடம், நாள், நேரம் குறித்து, படத்துடன் சுற்றுச்சூழல் துறையிடம் யாரும் புகார் அளிக்கலாம்.