கேதத்துக்குப் போகத் தெரிந்த ஊர்தானே நாம்?

ஒரு நடிகர் இறந்ததுக்கு இவ்வளவு அழுகையா என்று கேட்கிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆமாம், அழுகைதான். 2021 ஏப்ரல் 17 விடிகாலையில் விவேக் போய்விட்டார் என்று தெரிந்ததும், காரைக்குடியில் எங்கள் தெருவுக்குப் பால் வாங்க வந்த பெண்கள் தூக்குவாளியோடு நின்றபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவரைத் திரையில் தவிர எங்கேயும் பார்த்திராதவர்கள். 59 சாகிற வயசா? ரெண்டு நாள் முன்னாடிதான் ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டு, எல்லாரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று டிவியில் பேசினார். இத்தனை வருஷம் நம் வீட்டுக்குள் வந்து சிரிக்கவைத்த மனுஷன் போனால் அது நம் வீட்டுச் சாவுதான். ஒட்டா உறவா என்று கேட்டால் எதற்குமே அழ முடியாது. 1981 அக்டோபரில் கண்ணதாசன் சிகாகோவில் இறந்த சேதி வந்த அன்று எங்கள் அப்பத்தா அடுப்பே பற்றவைக்கவில்லையாம். அவர் பிறந்த சிறுகூடல்பட்டி பக்கத்து ஊர்தான் என்றாலும் கவிஞரை அவுக நேரில் பார்த்ததே கிடையாது.

அதனால் அழுகிறவர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அந்தச் சாவு வீட்டில் நாம் நடந்துகொண்ட விதத்தில்தான் கோபம்.

கேதத்துக்குப் போனால் எப்படி இருக்கவேண்டும் என்று நம் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் சொல்லித்தான் கூட்டிப்போவார்கள். வாசலில் யாரும் ‘வாங்க’ என்று சொல்லமாட்டார்கள், நாமும் எதிர்பார்க்கக்கூடாது. பெண்கள் நேரே வளவுக்குள் போய்க் கட்டிக்கொண்டு அழுவார்கள். ஆண்கள் முகப்பில் சத்தமில்லாமல் உட்காருவார்கள். கிளம்பும்போது ‘போயிட்டு வர்றேன்’ கிடையாது, எழுந்து வந்துவிட வேண்டியதுதான். எப்படி ஆச்சு என்று வீட்டுக்காரர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம், நாமாகக் குடைந்து கேட்கக்கூடாது. அப்படிக் கேட்கிறவர்களை அப்பத்தா வீட்டின் பின்கட்டில் வைத்துத் திட்டுவாக: “கேதத்துக்கு வந்தாகளா, பஞ்சாயத்துக்கு வந்தாகளா?”

இவ்வளவு தெரிந்த நாம், போன் கையில் வந்ததும் அத்தனையையும் மறந்துவிடுகிறோம். விவேக்கின் வீட்டம்மா கதறுகிற முகத்துக்குக் கிட்டத்தில் கேமரா போகிறது. அது ஏற்கெனவே 2015இல் 13 வயது மகனைப் பறிகொடுத்த வீடு. சொந்த வளவில் எவனாவது அப்படிப் படம் பிடித்தால் கையை ஒடித்துவிடுவோம். இங்கே மட்டும் அதை வாங்கிப் பத்துப் பேருக்கு அனுப்புகிறோம். அனுப்புகிறவர்களும் கெட்டவர்கள் இல்லை, துக்கம் தாளாமல்தான் அனுப்புகிறார்கள். அதுதான் எனக்கு இன்னும் வேதனையாக இருக்கிறது.

அதைவிடப் பெரிய அநியாயம், ஊசிதான் அவரைக் கொன்றது என்கிற பேச்சு. இதயத்துக்குப் போகிற முக்கியமான ரத்தக் குழாயில் முழு அடைப்பு, அதற்கும் தடுப்பூசிக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர்கள் அப்போதே சொல்லிவிட்டார்கள். தடுப்பூசிக்குப் பின் வரும் பாதிப்புகளை ஆராய்கிற தேசியக் குழுவும் பிறகு அதையே சொன்னது. யார் காதில் விழுந்தது? எங்கள் பெரியம்மா அன்றைக்கு ஊசி போடக் கிளம்பி, ஆதார் அட்டையை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு செருப்பையும் மாட்டிவிட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு ஆடியோ வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தவர்தான், இரண்டாம் அலை அடித்து ஓய்கிறவரை அசையவில்லை. ஆவணிவரை கெஞ்சவேண்டி இருந்தது. ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று ஊருக்குச் சொன்னதுதான் அந்த மனுஷன் கடைசியாகச் செய்த பொதுக்காரியம். அவருக்காக அழுகிறோம் என்று சொல்லிக்கொண்டே அதைக் கெடுத்தோம். அதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸில் இறந்தவர் படத்தைவிட வைத்தவர் படம் பெரிதாக இருப்பதைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை, அண்ணா சிலைப் பக்கம் போனால் நீங்களே பார்க்கலாம்.

முறையாக நடக்கத் தெரியாத கூட்டம் இல்லை நம் கூட்டம். 2015 ஜூலை 27 ராத்திரி, ஷில்லாங்கில் மாணவர்கள் முன் பேசிக்கொண்டிருக்கும்போதே அப்துல் கலாம் சரிந்துவிட்டார் என்று சேதி வந்தது. 30ஆம் தேதி ராமேசுவரம் பக்கம் பேய்க்கரும்பில் அடக்கம். ராமேசுவரம் போகிற வண்டி நம் ஊர் வழியாகத்தானே போகிறது? கட்டுச்சோற்றோடு ஏறியவர்களை நான் ஸ்டேஷனில் பார்த்தேன். யூனிஃபார்மோடு பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இருந்தார்கள். யாரும் கோஷம் போடவில்லை. ஏறிய பெரியவருக்கு ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான், அவர் உட்காராமல் அவன் தலையைத் தொட்டுவிட்டு நின்றுகொண்டார்.

அந்தக் கலாம் சொன்னதால்தான் விவேக் மரம் நடப் போனார். ‘கிரீன் கலாம்’ என்று 2010இல் ஆரம்பித்தது, ஒரு கோடி இலக்கு, சாகும்போது 33 லட்சம் கன்றுகளுக்கு மேல் நட்டிருந்தார். அவர் போனதும் எங்கள் பக்கமும் ஆளாளுக்குக் கன்று நட்டுப் படம் போட்டார்கள். நல்ல மனசுதான். ஆனால் அது சித்திரை மாசம். நம் செம்மண்ணும் செம்பாறையும் காய்ந்து கிடக்கிற நேரத்தில், ஒரு முழக் குழியில் வைத்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் எந்தக் கன்று பிழைக்கும்? எங்கள் கண்மாய்க் கரையில் வைத்த வரிசையில் ஆடு கடித்தது போக மிச்சமெல்லாம் வைகாசியிலேயே சருகாகிவிட்டது. துக்க வீட்டில் முதல் நாள் கூட்டத்தை யாரும் கணக்கில் வைப்பதில்லை. கருமாதி முடிந்து பந்தல் பிரித்தபிறகு யார் வந்து எட்டிப்பார்த்தார்கள் என்பதைத்தான் அந்த வீட்டுப் பெண்கள் சாகிறவரை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இந்த வருஷம் ஐப்பசி மழையோடு அதே கரையில் வேம்பும் புங்கையும் வைக்கப்போகிறோம். கருவேல முள் வெட்டிச் சுற்றிலும் அடைக்கவேண்டும். அடுத்து வரும் ரெண்டு கோடைக்கும் முறைவைத்துத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும், எங்கள் தெருவில் இருக்கிறவர்கள் போதாது. செக்காலை, கழனிவாசல் பக்கம் இருக்கிறவர்கள் வருவதென்றால் புரட்டாசிக்குள் சொல்லிவிடுங்கள். குழியை முன்னாடியே வெட்டி ஆறப்போடவேண்டும்.