சட்ட முதுமாணிக்காகக் காணி விற்க முன்

கிளிநொச்சியில் சட்டத்தரணியாக இருக்கும் என் பெறாமகள் போன மாதம் இரணைமடுத் தண்ணீர் பாயும் வயலின் உறுதியோடு வந்து நின்றாள். "சித்தப்பா, கனடாவில எல்எல்எம் முடிச்சா அங்கயே சட்டத்தரணியா வேலை செய்யலாமாம். ஏஜென்சியில சொன்னவை."

இப்படி ஒரு "லாமாம்"ஐ நம்பி வன்னியில் எத்தனை காணி கைமாறிவிட்டது!

எல்எல்எம், அதாவது சட்ட முதுமாணி, ஒரு பட்டம்தான்; சட்டத்தரணியாக வேலை செய்யும் அனுமதிப்பத்திரம் இல்லை. கனடாவில் நம் சட்டக் கல்வியை முதலில் என்சிஏ என்ற குழு மதிப்பிடும். எந்தெந்தப் பாடங்கள் குறைகின்றன என்று அவர்களே எழுதித் தருவார்கள். கனடிய அரசியலமைப்பு, நிருவாகச் சட்டம், குற்றவியல், கனடியச் சட்ட அடிப்படைகள், தொழில் ஒழுக்கம் ஆகிய ஐந்தும் கட்டாயம் வரும். இவற்றைப் பரீட்சையாக எழுதலாம், முதுமாணி இல்லாமலே. அல்லது இந்தப் பாடங்கள் அடங்கிய முதுமாணியைப் படிக்கலாம். ரொறன்ரோவின் ஒஸ்கூட் ஹோலில் அப்படியொரு கற்கைநெறி உண்டு. மனித உரிமைகளிலோ வரிச் சட்டத்திலோ ஆய்வு செய்து வாங்கும் முதுமாணியால் இந்தக் குறை தீராது. அதன் பிறகும் ஒன்ராறியோ என்றால் இரண்டு பரீட்சையும் தொழிற்பயிற்சியும் இருக்கின்றன.

இங்கிலாந்தில் சட்டத்தரணியாவதற்கென 2021இல் வந்த எஸ்கியூஇ பரீட்சைக்கு முதுமாணி தேவையே இல்லை. நியூயோர்க் வேறு மாதிரி. படித்த காலமோ, ஆங்கிலேய மரபில் வந்த பொதுச்சட்ட அடிப்படையோ, இரண்டில் ஒன்று மட்டும் குறைந்தால், 24 கிரெடிட் கொண்ட முதுமாணி அதை ஈடுசெய்யும். நம் சட்டத்தில் ரோமன்-டச்சும் ஆங்கிலமும் கலந்திருப்பதால், அங்கே போக விரும்புபவர் அது பொதுச்சட்டமாக ஏற்கப்படுமா என்று முதலே எழுதிக் கேட்பது நல்லது.

சரி, அப்படியென்றால் முதுமாணி வீணா? இல்லை. தொழிற்பயிற்சிக்கு இடம் தேடும்போது ஊரில் இருந்து போன பிள்ளைக்கு அங்கே யாரைத் தெரியும்? படிப்பித்த பேராசிரியரும் கூடப் படித்தவர்களும்தான். போரில் உறுதி தொலைத்த சனங்களின் காணி வழக்குகளை இவள் எப்படிப் பேசினாள் என்பது எந்தப் பெறுபேற்றுத் தாளிலும் வராது. அவளின் திறமையை நேரில் கண்டு சொல்ல அங்கே ஒருவர் வேண்டும். பணம் போடுவதென்றால் அதற்காகப் போடலாம்.

அவள் என்சிஏக்கு விண்ணப்பித்துவிட்டாள். பெறுபேறுகளைப் பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டுமாம், அதற்காக யாழ்ப்பாணத்துக்கு இரண்டு தரம் போய் வந்தாள். உறுதி திரும்பவும் அண்ணியின் அலுமாரிக்குள். மதிப்பீடு வந்தபிறகு வயலைப் பற்றிப் பேசுவோம் என்று சொல்லியிருக்கிறேன்.