மோட்டர் எண்ணிக்கையை வச்சு முடிவெடுக்க ஏலாது
மெஷினை ஓட்ட, மூண்டு மோட்டருக்குள்ள எண்டா டைமர் ரிலே (குறிச்ச நேரம் கழிச்சு சுவிட்ச் போடுற சாமான்) போதும், பி.எல்.சி (ப்ரோகிராம் எழுதி மெஷினை ஓட்டுற சின்னக் கம்ப்யூட்டர்) வீண் செலவு எண்டு இந்தக் கட்டுரையில இருக்கு, எனக்கு அது சரியாப் படேல்ல, எண்ணிக்கை இல்ல விஷயம். இரத்மலானைப் பக்கம் ஒரு பேக்கிங் இடத்தில மெயின்டனன்ஸ் பார்த்தனான், பெட்டி கொண்டுபோற பெல்ட் ரெண்டே ரெண்டு, பெட்டி சென்சரைத் தாண்டி 4 செக்கனில புஷர் தள்ளோணும், டைமர் அழகா வேலை செஞ்சுது, பிறகு ஓடர் குறைஞ்ச ஒரு நாள் யாரோ விஎஃப்டியை (மோட்டர் வேகத்தை மாத்துற கருவி) 50 ஹெர்ட்ஸிலயிருந்து 25க்கு இறக்கிட்டான், பெட்டி பாதித் தூரம் வாறதுக்குள்ள புஷர் வெறும் காத்தைத் தள்ளிட்டுத் திரும்பிருது, நாங்க ஸ்க்ரூ டிரைவரோட டைமரில இருக்கிற அந்தச் சின்னக் குமிழைத் திருப்பிக்கொண்டு நிண்டம். டைமருக்கு நேரம் மட்டும்தான் தெரியும், பெட்டி எங்க நிக்குது எண்டு தெரியாது. பி.எல்.சி போட்டும் உள்ள டைமர் பிளாக்கையே வச்சா அதே கூத்துதான், பெல்ட் ரோலரில ஒரு ப்ராக்ஸிமிட்டி சென்சர் (உலோகம் கிட்ட வந்தா சிக்னல் குடுக்கிறது) வச்சு, ரோலர் சுத்தச் சுத்த வாற பல்ஸை எண்ணினா வேகம் மாறினாலும் தள்ளுற இடம் மாறாது. மேல கருத்து எழுதின ஒருத்தர், டைமர் பழுதானா கொழும்புப் புறக்கோட்டையில உடன வாங்கி எந்த வயரிங் பாஸும் (எலக்ட்ரீஷியனும்) மாத்திருவார் எண்டு எழுதியிருக்கார், அது உண்மைதான், எங்களுக்கு பி.எல்.சி செஞ்சு தந்த ஆள் பாஸ்வேர்ட் போட்டுட்டு வெளிநாடு போய் நாங்க பட்ட பாடு... ஆனா டைமருக்கும் பி.எல்.சிக்கும் நடுவில சீமென்ஸ் கம்பனியின்ர லோகோ (LOGO!) மாதிரிச் சின்னச் சாமான் இருக்கே, அடிப்படை மொடலிலயே 8 இன்புட் 4 அவுட்புட், கவுண்டரும் உள்ளயே, அதைப் பத்திக் கட்டுரையில ஒரு வரி கூட இல்ல. எதைப் போட்டாலும் எமர்ஜென்சி ஸ்டொப்பை மட்டும் ப்ரோகிராமை நம்பி விடாம நேரா கொன்டாக்டர் (மோட்டருக்குக் கரண்ட் குடுக்கிற பெரிய சுவிட்ச்) லைனில வயர் பண்ணுங்கோ.