லாரி எண்ணிக்கையை வைத்து வணிகத்தை அளக்க முடியுமா?

2021-இல் அயர்லாந்து–பிரிட்டன் ரோ-ரோ போக்குவரத்து (லாரியும் ட்ரெய்லரும் சக்கரத்தோடு அப்படியே ஏறி இறங்கும் கப்பல் போக்குவரத்து) சரிந்ததைக் காட்டி, இரு நாடுகளுக்கு இடையிலான வணிகமும் அதே அளவு சரிந்துவிட்டது என்கிறார் ஒரு கட்டுரையாளர். எண்கள் சரி, முடிவுதான் இடிக்கிறது.

ரோ-ரோ கணக்கில் துறைமுகம் எண்ணுவது லாரியையும் ட்ரெய்லரையும். உள்ளே என்ன சரக்கு, கடைசியில் எந்த ஊருக்குப் போகிறது என்பதெல்லாம் அதில் வராது. காலி ட்ரெய்லரும் ஒன்றுதான், மருந்து ஏற்றியதும் ஒன்றுதான். அயர்லாந்தின் டப்ளினில் ஏறி, பிரிட்டனின் மேற்குக் கரைத் துறைமுகமான ஹோலிஹெட்டில் இறங்கி, பிரிட்டனைக் குறுக்கே கடந்து, தென்கிழக்கே டோவரில் மறுபடி கப்பலேறி பிரான்சுக்குப் போகும் லாரியை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒருமுறை அயர்லாந்து–பிரிட்டன் கணக்கிலும், அப்புறம் பிரிட்டன்–பிரான்ஸ் கணக்கிலும் ஏறும். அயர்லாந்து–பிரான்ஸ் கணக்கில் ஏறவே ஏறாது! இப்படிப் போனவை ஆண்டுக்குச் சுமார் 1.5 லட்சம் லாரிகள் என்று 2018-இல் அயர்லாந்தின் கடல்சார் வளர்ச்சி அலுவலகம் சொன்னதும் ஒரு மதிப்பீடுதான்.

பிரெக்ஸிட்டுக்குப் பின், அதாவது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பின், இவற்றில் பல அயர்லாந்தின் ரோஸ்லேரிலிருந்து பிரான்சின் டன்கிர்க்குக்குப் போவது போன்ற நேரடிக் கப்பல்களுக்கு மாறின. வேறு சில, சுங்கச் சோதனையைத் தவிர்க்க வட அயர்லாந்துத் துறைமுகங்களான பெல்ஃபாஸ்ட், லார்ன் வழியாகப் போயின. டப்ளின் கணக்கில் குறைந்ததில் ஒரு பகுதி இப்படி வழி மாறியதுதான்.

சரக்கை எடையில் அளக்கும் டன் கணக்கிலும் இதே குழப்பம்தான். ஐரோப்பியப் புள்ளிவிவரத்தில் ட்ரெய்லரின் சொந்த எடையைச் சேர்த்து ஒரு கணக்கு, சேர்க்காமல் ஒரு கணக்கு. கட்டுரையில் உள்ள அட்டவணை எதைப் பயன்படுத்துகிறது என்று ஒரு வரி போட்டிருக்கலாம்.