வேலை முடிந்து வந்த பிறகு செய்யும் வேலை

சின்னம்மாவின் மகன் கம்பஸ் முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. போன கிழமை வீட்டுக்கு வந்தவன், என் மடிக்கணினியில் நான் பதிவு செய்து வைத்த கூத்துப் பாட்டு ஓடுவதைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதச் செஞ்சி வேலைக்கு என்ன பிரயோசனம்?" என்று கேட்டான். கிண்டலுக்குக் கேட்கவில்லை. நியமனம் வரும் வரும் என்று காத்திருக்கிற பிள்ளை, கையில் இருக்கிற நேரத்தை எதில் போடுவது என்று தெரியாமல்தான் கேட்டான். அன்றைக்குப் பாதிதான் சொல்ல முடிந்தது. அவனைப் போல இன்னும் பத்துப் பேராவது இதை வாசிப்பீர்கள் என்று மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் மட்டக்களப்பு நகரில் ஒரு ஹாட்வெயார் கடையில் ஐந்து வருடம் இருப்புக் கணக்குப் பார்த்தவள். ஆணி, பெயின்ட், குழாய் எல்லாவற்றிலும் எத்தனை வந்தது, எத்தனை போனது, எந்த இறாக்கையில் கிடக்கிறது என்று எழுதுவதுதான் வேலை. அந்த வேலையை நான் ஒரு நாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2022 இல் எல்லா விலையும் ஏறி, பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில், அந்தச் சம்பளம்தான் வீட்டைத் தாங்கியது. அதே வருடம்தான், மின்வெட்டு இரவுகளில், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் எங்கள் ஊரில் கூத்துப் பழகத் தொடங்கினார்கள். கையில் போன் இருந்தது, பதிவு செய்தேன். தொடக்கம் அவ்வளவுதான்.

கூத்தைப் பார்த்து வளராதவர்களுக்குச் சொல்ல வேண்டும். கூத்தைப் பழக்குகிற ஆசானான அண்ணாவியார் ஆடுகிற ஆட்களைத் தெரிவு செய்து, அவரவர் பாட்டை எழுதிக் கொடுப்பதைச் சட்டம் கொடுத்தல் என்பார்கள். அதற்குப் பிறகு மாதக் கணக்கில் இரவில் பழக்கம், சலங்கை கட்டுதல், முழுக் கூத்தையும் ஒரு முறை ஆடிப் பார்க்கிற அடுக்கு, கடைசியில் களரி என்கிற ஆடுகளத்தில் விடிய விடிய அரங்கேற்றம். பகலில் வயலில் நிற்கிறவரும் வாவியில் வலை போடுகிறவரும்தான் இரவில் தருமராகவும் வீமனாகவும் வருகிறார்கள். ஒவ்வொரு பாத்திரமும் களரிக்குள் வருகிற வரவுக்கும் தாளக்கட்டு இருக்கிறது, வடமோடி, தென்மோடி என்ற இரண்டு வகைக்கும் ஆட்டம் வேறு, உடுப்பு வேறு. இதில் ஒன்றைக் கூட ஒழுங்காகத் தெரியாமல்தான் நான் பதிவு செய்ய இறங்கினேன்.

பத்துப் பதினைந்து பதிவு சேர்ந்ததும் எது எது என்று எனக்கே குழம்பிப் போனது. சரி, கடையில் செய்கிறதையே இங்கேயும் செய்வோம் என்று ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு எக்செல்லில் அடுக்கினேன். ஊர், அண்ணாவியார், எந்த மோடி, யாருடைய வரவு, என்ன தாளக்கட்டு, திகதி, ஒலி தெளிவா இல்லையா. அந்த இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, ஏனென்றால் குழாய்க்கும் பெயின்டுக்கும் எண் போட்டுப் பழகிய கை, ஒரு கூத்தைக் காப்பாற்றவும் உதவும் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

நான் சொல்ல வருவது இதைத்தான். வேலையை விட்டுவிட்டு ஆசைப்பட்டதைச் செய் என்று சொல்ல எனக்கு வாய் வராது. உங்கள் தொழிலும் உங்கள் விருப்பமும் ஒன்றையொன்று தொடுகிற ஓரிடம் இருக்கும், அந்த இடத்தில் உங்களுக்குப் போட்டியாக நிற்க ஆள் குறைவு. விபுலாநந்த அடிகளைப் பாருங்கள். காரைதீவில் 1892 இல் பிறந்தவர், படித்ததும் படிப்பித்ததும் விஞ்ஞானம். 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையில் தேறினார், விஞ்ஞானம் படிப்பிக்கிறவருக்கு அந்தப் பட்டம் தேவையே இல்லை. 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர், 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் அப்படியே. 1947 இல் யாழ் நூல் வந்தது. சிலப்பதிகாரம் போன்ற நூல்கள் சொல்லுகிற பழைய யாழ்களின் நரம்புகளுக்குச் சுருதிக் கணக்குப் போட்டுக் காட்டுகிற நூல் அது. சிலப்பதிகாரம் மட்டும் தெரிந்தவராலும் முடியாது, கணக்கு மட்டும் தெரிந்தவராலும் முடியாது.

போன வருடம் ஒரு நிறுவனம் ஆவணப்படுத்தல் வேலைக்கு ஆள் கேட்டது. அவர்கள் கேட்ட தகைமை என்னிடம் முழுதாக இல்லை. சுயவிபரக்கோவையோடு அந்த அட்டவணையையும் இரண்டு நிமிடக் காணொளி ஒன்றையும் சேர்த்து அனுப்பினேன். நேர்முகத்தில் முக்கால் மணி நேரம் இருந்திருப்பேன், அதில் பெரும்பகுதி அட்டவணையைப் பற்றியே கேட்டார்கள். தாளக்கட்டை ஏன் தனியாகப் பிரித்தீர்கள், தெளிவில்லாத பதிவை என்ன செய்தீர்கள், அனுமதி எப்படி வாங்கினீர்கள். எல்லாம் நான் பிழை விட்டுத் திருத்திய இடங்கள், அதனால் பதில் தானாக வந்தது. வேலை கிடைத்தது.

அனுமதி என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் அண்ணாவியார் முதலில், "இத எழுதி வெச்சி என்ன புள்ள செய்யப்போறாய்?" என்றார். "மறுகா ஆரும் கேட்டாக் குடுக்கலாம்தானே" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், உள்ளே போய் அவருடைய அப்பாவின் கொப்பியை எடுத்து வந்து தந்தார். பக்கத்து ஊர் அண்ணாவியார் இணையத்தில் போடாதே என்றார், இன்றுவரை போடவில்லை. ஒருவரிடம் வாங்கியதை எப்படி வைத்திருப்பது என்று எந்தச் சான்றிதழ்ப் படிப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

காசு வருமா என்று கேட்பீர்கள். கூத்துப் பதிவால் நேரடியாக ஒரு ரூபாய் வரவில்லை. கமராவுக்குக் கடன் எடுக்காதீர்கள், போன் போதும். வேலைத்தளத்தின் நேரத்தையும் கணினியையும் தொடாதீர்கள், நான் சனி இரவும் ஞாயிறும் மட்டும்தான் செய்தேன். நித்திரையை விற்க வேண்டாம்.

அன்றைக்குக் கேள்வி கேட்ட தம்பி விலங்கியல் படித்தவன், நன்றாகப் படம் கீறுவான். வாவி மீன்களை, சந்தையில் சொல்லுகிற பெயரோடு ஒவ்வொன்றாகக் கீறு என்றேன். நேற்றிரவு வட்ஸ்அப்பில் ஒரு கொடுவா மீன் படம் வந்தது. இன்று காலையில் அதையே திருத்தி மறுபடியும் அனுப்பியிருக்கிறான். கல்லடிப் பாலத்தடியில் வலை வீசுகிற ஒரு ஐயாவிடம் காட்டினானாம், செட்டை பிழை என்றாராம்.