நேரமில்லாதவனுக்குத்தான் இந்த ஷாஃப்ட்

லோ டிஃப்லெக்‌ஷன் ஷாஃப்ட் எல்லாம் போட்டிக்குப் போகிறவனுக்குத்தான், நமக்கு எதற்கு என்ற பேச்சு மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் இன்னும் ஓயவில்லை. பூல் ஆட்டத்தில் பந்தை அடிக்கும் கோல்தான் கியூ, அதன் முன்பாதி ஷாஃப்ட், பின்பாதி பட். வெள்ளைப் பந்து குறியை விட்டு விலகுவதைக் குறைக்கச் செய்த ஷாஃப்ட் இது. எனக்கு அந்தப் பேச்சில் துளியும் உடன்பாடில்லை. நாள் முழுக்க மேசையைச் சுற்றி வருகிறவனுக்கு அது இல்லாவிட்டாலும் ஓடும். சிஃப்டு முடிந்து, வீட்டுக்குப் போய்க் குளித்து, மோட்டாரை எடுத்துக்கொண்டு டவுனுக்கு வந்து, வாரத்தில் ஒன்றிரண்டு ராத்திரி மட்டும் கியூவைத் தொடுகிறானே, அவனுக்குத்தான் அது வேண்டும். கொஞ்ச காலமாக மேப்பிள் மரத்தில் செய்த ஒன்றை என் கியூவில் மாட்டி ஆடி வருகிறேன். ஆட ஆட இந்த எண்ணம் உறுதிப்பட்டுக்கொண்டே போகிறது.

நைன்-பால், எய்ட்-பால் என்ற பூல் ஆட்டங்களை ஆடாதவர்களுக்காக ஒரு விளக்கம். வெள்ளைப் பந்தின் நடுவில் அடித்தால் அது கியூ காட்டிய திசையிலேயே போகும். அடுத்த பந்துக்கு வசதியாக வெள்ளையை நிறுத்த வேண்டும் என்றால் பல நேரம் நடுவில் அடித்துக் கதை ஆகாது. இடமோ வலமோ தள்ளி அடித்துச் சுழல விட வேண்டும். இதைத்தான் சைட் என்கிறோம். வலப்பக்கம் அடித்தால் வெள்ளை நேராகப் போகாது, சற்று இடப்பக்கமாக விலகிக் கிளம்பும். இடப்பக்கம் அடித்தால் வலமாக விலகும். அந்த விலகல்தான் டிஃப்லெக்‌ஷன். சைட் போடுகிற ஒவ்வொரு அடியிலும் இதைக் கணக்கில் சேர்த்துக் குறியை மாற்றி வைக்க வேண்டும்.

ஏன் விலகுகிறது? நாங்கள் பூல் ஆடும் கடையில் யாரைக் கேட்டாலும் ஷாஃப்ட் வளைவதால் என்பார்கள். நன்றாக வளைகிற ஷாஃப்ட் விலகலைக் குறைக்கும் என்றும் சொல்வார்கள். முக்கியக் காரணம் வளைவு இல்லை, முனையின் எடை. ஷாஃப்ட்டின் நுனியில் ஒட்டிய தோல்தான் டிப். அது பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு நொடியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான். நடுவை விட்டுத் தள்ளி அடிக்கும்போது, பந்து சுழலத் தொடங்கும் அந்தக் கணத்தில் டிப்பையும் பக்கவாட்டில் இழுக்கிறது. டிப் இருக்கும் முனை கனமாக இருந்தால் எளிதில் நகராது, பதிலுக்குப் பந்தை மறுபக்கம் தள்ளிவிடும். முனை இலேசாக இருந்தால் அதுவே வழிவிட்டு நகரும், பந்து அவ்வளவாக விலகாது. அத்தனை குறுகிய நேரத்தில் முழுக் கியூவுக்கும் சேதி போய்ச் சேராது. கணக்கில் வருவது டிப்பிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் நீளம் மட்டுமே. பின்கையில் பிடிக்கும் பட் எத்தனை கனமாக இருந்தாலும் இந்த விலகலில் அதற்குப் பங்கே இல்லை.

ஆகவே செய்ய வேண்டியது முனையின் எடையைக் குறைப்பது. உள்ளே துளை போட்டு மரத்தை எடுப்பார்கள், டிப்புக்கு அடியில் இருக்கும் ஃபெரூல் என்ற பூணைக் குட்டையாகவும் இலேசாகவும் வைப்பார்கள், சில ஷாஃப்ட்டில் விட்டத்தையும் குறைப்பார்கள். வழக்கமான மேப்பிள் ஷாஃப்ட்டின் டிப் 13 மில்லிமீட்டர் இருக்கும். இந்த வகையில் 12.75 முதல் 11.75 வரை பார்க்கலாம். 1994இல் பிரிடேட்டர் நிறுவனம் 314 என்ற ஷாஃப்ட்டைக் கொண்டு வந்ததிலிருந்துதான் இது பரவியது. கேக் வெட்டுவது போல நீளவாக்கில் வெட்டிய பத்து மரத் துண்டுகளை ஒட்டி அதைச் செய்தார்கள். எந்த ஷாஃப்ட் எவ்வளவு விலகுகிறது என்று அளக்க, மனிதக் கை தேவைப்படாமல் ஒரே மாதிரி அடிக்கும் இயந்திரம் ஒன்றையும் வைத்திருந்தார்கள். அயர்ன் வில்லி என்று பெயர். இன்றைக்கு மெஸ், கியூடெக் என்று பல நிறுவனங்கள் செய்கின்றன, கார்பன் ஃபைபரிலும் வந்துவிட்டது.

சரி, மேசைக்கு வருவோம். 9 அடி மேசையில் இரு பாதியிலும் ஒவ்வொரு புள்ளி குறித்திருக்கும், ஒரு புள்ளியிலிருந்து மறு புள்ளிக்கு 127 சென்டிமீட்டர். வெள்ளையை ஒன்றில், வேறு பந்து ஒன்றை மற்றொன்றில் வைத்துக்கொள்ளுங்கள். முகத்துக்கு முகம் மோதும்படி குறி வையுங்கள். கியூவைத் திருப்பாமல், இணையாக வலப்பக்கம் நகர்த்தி, நல்ல பலமாக, முழு சைட் போட்டு அடியுங்கள். கடைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கும், ராமின் என்ற மரத்தில் செய்த சாதாரணக் கியூவை எடுத்து அடித்தேன். வெள்ளை ஏறக்குறைய ஒரு பந்து அகலத்துக்கு இடமாகப் போய், எதிரே இருந்த பந்தின் விளிம்பை மட்டும் உரசிவிட்டுப் போனது. அதே அடியை இந்த ஷாஃப்ட்டால் அடித்தால் பாதிப் பந்து அகலத்தைச் சற்றுத் தாண்டி விலகுகிறது, அவ்வளவுதான். திரும்பத் திரும்ப அடித்தாலும் அதே கதை. விலகல் போய்விடவில்லை, குறைந்திருக்கிறது. விளம்பரத்தைப் பார்த்துவிட்டு நேராகக் குறி வைத்து அடிக்கலாம் என்று வாங்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாந்து போகிறார்கள்.

என் வாதம் இந்தக் குறைவின் மேல்தான் நிற்கிறது. கணக்காகவே பார்ப்போம். சுவரில் இருக்கும் சாதாரண மரக் கியூவில் விலகல் ஐந்தரை சென்டிமீட்டர், புது ஷாஃப்ட்டில் மூன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஆடுகிறவன் தன் மதிப்பீட்டில் பத்தில் ஒரு பங்கு தப்பு செய்கிறான். முதலில் ஐந்தரை மில்லிமீட்டர் தப்பு, இரண்டாவதில் மூன்றரை. கேட்க ஒன்றுமில்லை போலிருக்கும். ஆனால் 57 மில்லிமீட்டர் பந்து இன்னொரு 57 மில்லிமீட்டர் பந்தை மோதும்போது ஐந்தரை மில்லிமீட்டர் என்பது ஐந்தரை டிகிரி ஆகிவிடும், மூன்றரை என்பது மூன்றரை டிகிரி. பந்து விழ வேண்டிய பாக்கெட் ஓர் அடி தூரத்தில் இருந்தால் முதல் பந்து மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் போய் அதன் வாயோரத் தாடையில் இடித்து நிற்கும். இரண்டாவது இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவாகத் தள்ளி, உள்ளே விழும். கை ஒன்றுதான், கண் ஒன்றுதான், தப்பும் அதே அளவுதான். ஷாஃப்ட் மட்டும் வேறு.

அந்தப் பத்தில் ஒரு பங்கு தப்பை நேரம் மட்டுமே சரி செய்யும். நாளும் ஐந்து மணி நேரம் ஆடுகிறவன் உடம்பே விலகலைக் கற்றுக்கொள்ளும், அவன் யோசிக்கவே வேண்டாம். இந்தப் பேச்சு வந்தாலே எஃப்ரன் ரெயஸ் பெயரை இழுப்பார்கள். பிலிப்பைன்ஸ்காரர் எந்தக் கியூவைக் கொடுத்தாலும் ஆடுவாரே, அவருக்கு என்ன ஷாஃப்ட் என்று. உண்மைதான், அவர் மேல் எனக்கு எல்லையில்லாத மரியாதை. 1999இல் கார்டிஃபில் உலக நைன்-பால் பட்டத்தை வென்றவர். ஆனால் அவர் மாமாவின் பில்லியர்ட்ஸ் கூடத்திலேயே வளர்ந்த பிள்ளை. 1954இல் பிறந்தவர், 314 சந்தைக்கு வந்தபோது அவருக்கு நாற்பது வயது. அதற்குள் சாதாரண மரத்தின் விலகல் முழுவதும் அவர் கைக்குள் போய்விட்டது. அப்படிப்பட்ட குழந்தைப் பருவம் டோவன்பி, எல்பில் தோட்டங்களிலிருந்து டவுனுக்கு வந்து ஆடுகிற எந்தத் தம்பிக்கு வாய்த்தது? பாதிப் பேர் ஈப்போவில் தொழிற்சாலை வேலை. இரவு சிஃப்டு மாறும் வாரத்தில் மேசைப் பக்கமே வர முடிவதில்லை. மேசைக்கு மணிக்கணக்கில் காசு வேறு. அவர்களிடம் போய் "ரெயஸ் மாதிரி மரக் கியூவிலேயே பழகு" என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதே நேரம் எங்கள் கடைக்கு வரும் பெரியவர் ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோட்டத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர், நாங்கள் பெரியண்ணே என்போம். என்னுடையதை வாங்கி அடித்துப் பார்த்தார். வலது சைட் போட்டு அடித்த பந்தெல்லாம் வலமாகவே தள்ளிப் போனது, இடது போட்டால் இடமாக. "என்னடா தம்பி, இது தலைகீழா வேலை செய்யுது?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். "அண்ணே, இன்னும் கொஞ்சம் அடிச்சுப் பாருங்க" என்று நானும் சொல்லிப் பார்த்தேன். அவர் வாங்கவில்லை. அவர் பக்கத்தில் நின்று கையைக் கவனித்தேன். முதலில் வெள்ளையின் நடுவைக் குறி வைக்கிறார். அடிக்கும் முன், மேசையில் ஊன்றிய முன்கையை அசைக்காமல் பின்கையை மட்டும் ஒரு விரல் அளவு வெளியே திருப்புகிறார். டிப் தானாகப் பக்கத்துக்கு வந்துவிடுகிறது. இப்படித் திருப்பும்போது கியூ காட்டும் திசையும் சற்று மாறும், அந்த மாற்றம் விலகலைச் சரிக்கட்டும். முன்கை டிப்பிலிருந்து எத்தனை தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது இது. சாதாரண 13 மில்லிமீட்டர் ஷாஃப்ட்டுக்கு அந்தத் தூரம் 25 முதல் 30 சென்டிமீட்டர், நாம் இயல்பாகக் கை வைக்கும் இடம். குறைந்த விலகல் ஷாஃப்ட்டுக்கு 35, 40, சிலவற்றுக்கு அதற்கு மேலும். அவர் கை பழைய இடத்திலேயே இருந்ததால் திருத்தம் அளவுக்கு மீறிப் போனது. பல்லாண்டு உழைப்பில் தானாக வந்த கலை அது. எப்படி வந்தது என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. அவர் போன்றவர்களுக்கு நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். இத்தனை காலம் கையில் ஏறிய கணக்கை அழித்து எழுதச் சொல்ல எனக்கு மனம் வராது, தேவையும் இல்லை.

இனி வாங்க நினைக்கும் தம்பிமார்களுக்கு. இது சுழற்சியைக் கூட்டித் தராது. பந்தை நடுவிலிருந்து எவ்வளவு தள்ளித் தொடுகிறீர்கள் என்பதுதான் சுழற்சியைத் தீர்மானிக்கும். விட்டத்தில் கால் பங்கு தூரத்தைத் தாண்டினால் எந்த ஷாஃப்ட்டாக இருந்தாலும் டிப் வழுக்கிவிடும். மெதுவான அடியில் இன்னொன்றையும் பாருங்கள். கியூவின் பின்பக்கம் எப்போதும் சற்று உயர்ந்தே இருப்பதால், சைட் போட்ட பந்து போகப் போக சைட் பக்கமாக வளைந்து திரும்பும். மழை பெய்து துணி ஈரம் இழுத்துக் கனத்திருக்கும் ராத்திரியில் இந்த வளைவு சீக்கிரமே தொடங்கிவிடும். விலகல் குறைந்த ஷாஃப்ட்டில் வளைவு விலகலை மிஞ்சிவிடுகிறது, நீளமான மெதுவான அடிகளில் குறியை எதிர்ப்பக்கம் வைக்க வேண்டி வருகிறது. எனக்கு இன்னும் முழுதாகப் பிடிபடாத இடம் இதுதான்.

டிப் வடிவத்தையும் கவனியுங்கள். நான் 20 சென் காசின் வளைவுக்கு டிப்பைத் தேய்த்து வைத்திருக்கிறேன், சிலர் 10 சென் வளைவு வரை போகிறார்கள். இரண்டும் சரிதான், தட்டையாக விட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான். அடிக்கும்போது சத்தம் உள்ளே வெற்றிடம் இருக்கிற மாதிரி கேட்கும். முதலில் உறுத்தும், அப்புறம் பழகிவிடும்.

கார்பனா, மரமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நம் ஊர் ஈரக் காற்றில் மேப்பிள் வளைந்துபோக வாய்ப்பு உண்டு, கார்பன் வளையாது, துணியால் துடைத்தால் போதும். அது பெரிய நன்மை, மறுக்கவில்லை. ஆனால் நல்ல மேப்பிள் ஷாஃப்ட் மலேசிய வெள்ளி ஆயிரத்தை ஒட்டி வரும், பெயர் பெற்ற கார்பன் இரண்டாயிரத்தைத் தாண்டும். 2025இல் உயர்த்திய குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளி. ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் கொடுத்து ஒரு ஷாஃப்ட் வாங்கு என்று யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். மேப்பிளை வாங்கி உறையில் போட்டு, காருக்குள் வெயிலில் விடாமல் பார்த்துக்கொண்டால் நெடுநாள் வரும். கைமாறி வருவதும் கிடைக்கிறது. ஆனால் வாங்கும் முன் மேசையில் உருட்டிப் பாருங்கள், உங்கள் பட்டின் திருகும் ஷாஃப்ட்டின் திருகும் ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். யூனி-லோக் வகைத் திருகு உள்ள பட்டில் 3/8க்கு 10 வகைத் திருகு உள்ள ஷாஃப்ட் ஏறாது. இணையத்தில் பாதி விலைக்குப் பெரிய பிராண்டு பெயர் போட்டு வருவதில் போலி நிறைய. எனக்குத் தெரிந்த தம்பி ஒருவனுக்கு அப்படி வந்து சேர்ந்தது உள்ளே துளையே இல்லாத வெறும் மரம். விற்றவன் பதில் சொல்லவே இல்லை.

இன்னும் கியூவை நேராக முன்னும் பின்னும் இழுக்க வராத பையனுக்கு வாங்கித் தராதீர்கள். அவன் முதலில் சைட் போடாமல் அடித்து வெள்ளையை நிறுத்தவும், பின்னிழுக்கவும், முன்னோட விடவும் பழகட்டும். அதற்குச் சுவரில் இருக்கிற கியூ போதும்.

நம் கடைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஐந்தாறு பேர் சேர்ந்து காசு போட்டு, நல்ல மேப்பிள் ஷாஃப்ட் ஒன்றைப் பட்டோடு சேர்த்து வாங்கிக் கடையிலேயே வைத்தால் என்ன? கடை முதலாளி தவுக்கேயிடம் பேசினேன், பூட்டிய பெட்டியில் வைத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். வாங்க நினைக்கிறவன் நாலு ராத்திரி அதில் ஆடிப் பார்த்துவிட்டு, பிடித்தால் தனக்கென்று வாங்கட்டும். இதுவரை மூன்று பேர் சேர்ந்திருக்கிறோம். சேர விரும்புகிறவர்கள் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். அதுவரை என்னுடையது இருக்கிறது. யூனி-லோக் பட் வைத்திருக்கிறவர்கள் வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கடைக்கு வாருங்கள், கழற்றித் தருகிறேன், மாட்டி அடித்துப் பாருங்கள்.