சவுண்ட்காரர் தூங்கிவிட்டாராம்

சனிக்கிழமை நம்ம அரங்கத்துக் கச்சேரியில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். வீடியோவும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது பாட்டின்போது மைக் ஊளையிட்டது, அமைப்பாளர் மேடையேறி "சவுண்ட்காரர் தூங்கிட்டார் போல, யாராவது எழுப்பி விடுங்க" என்றார், அரங்கமே கைதட்டியது. நல்ல நகைச்சுவைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்குக் காலையில் அதே மேடையில் நடனம், மதியம் நாடகம், மாலையில் கச்சேரி. நாடகத்துக்குத் திரை விழுந்ததற்கும் கச்சேரிக்குக் கதவு திறந்ததற்கும் நடுவே 40 நிமிஷம். அந்த 40 நிமிஷத்தைப் பற்றி ஒரு கமெண்ட்கூட இல்லை.

அந்த நேரத்தில் என்னவெல்லாம் நடக்க வேண்டும்? நடிகர்களின் ஹெட்செட் மைக்குகளைக் கழற்றி, டிரான்ஸ்மிட்டர்களை எண்ணி வாங்க வேண்டும் (ஒன்று எப்போதும் யாருடைய உடைக்குள்ளாவது போய்விடும்). செட் தட்டிகள் வெளியே போனால்தான் மேடை வரும். பிறகு பாட்டு, வயலின், தாள வாத்தியங்கள், கீபோர்டு என்று ஒலி மிக்ஸருக்குப் போகும் கேபிள் வழி, அதாவது லைன், குறைந்தது 12. ஒவ்வொன்றையும் ஸ்டேஜ் பாக்ஸில் (மேடைக் கேபிள்கள் வந்து சேரும் பெட்டி) சரியான எண்ணில் செருகி, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, கெய்ன் (உள்ளே வரும் ஒலியின் அளவு) வைத்து, மானிட்டருக்கு (கலைஞர்கள் தங்களைக் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர்) அனுப்ப வேண்டும். லைனுக்கு 2 நிமிஷம் என்றாலே 24 நிமிஷம் போச்சு. அதுவும் எந்த கேபிளும் பழுதாக இல்லாமல், எந்தக் கலைஞரும் தாமதமாக வராமல் இருந்தால்.

அவசரத்தில் என்ன தப்பு நடக்கும் தெரியுமா? வயலின் 7-க்குப் பதில் 8-இல் போகும், மிக்ஸரில் 7-ஐ ஏற்றிக்கொண்டே "ஏன் வரலை?" என்று தேடுவார்கள். மின்சாரம் தேவைப்படும் கண்டென்சர் மைக்குக்குக் கேபிள் வழியே 48 வோல்ட் ஃபேன்டம் பவர் ஓடிக்கொண்டிருக்கும்போது, சானலை மியூட் செய்யாமல் யாராவது கேபிளைப் பிடுங்குவார்கள், ஸ்பீக்கரில் வெடி வெடிக்கும். விளக்கு டிம்மரும் ஒலியும் ஒரே லைனில் கரண்ட் எடுத்தால், விளக்கு மங்கும்போதெல்லாம் இரைச்சல் ஏறும். இதெல்லாம் தூக்கத்தில் நடப்பதில்லை. நேரம் இல்லாததால் நடக்கிறது.

இனி அந்த ஊளை. ஸ்பீக்கரிலிருந்து வருவதை மைக் மறுபடி பிடிக்கிறது, அது மறுபடி பெருகி ஸ்பீக்கருக்குப் போகிறது, ஏதோ ஒரு அலைவரிசையில் சுற்று முற்றுகிறது. அவ்வளவுதான் ஃபீட்பேக். மேடையில் திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், ஊளை வருவதற்கு முன் சத்தத்தை ஏற்ற நமக்குக் கிடைக்கும் இடம் 3 டெசிபெல் குறைகிறது. ஒரு மைக்குக்குப் பதில் எட்டு மைக் என்றால் 9 டெசிபெல் காலி. இதைச் சமாளிக்க வழி உண்டு. சத்தத்தை மெல்ல ஏற்றி, எந்த அலைவரிசை முதலில் கூவுகிறதோ அதை, ஒலியை 31 பட்டையாகப் பிரித்து ஏற்றி இறக்கும் ஈக்வலைசரில் கொஞ்சம் இறக்கி, அடுத்ததைத் தேடி, ஒவ்வொரு மானிட்டருக்கும் இதையே செய்ய வேண்டும். காலி அரங்கில், அமைதியில் செய்கிற வேலை இது. கதவு திறந்து ஜனம் உட்கார்ந்த பிறகு செய்ய முடியாது. செய்தால் அதற்கும் ஒரு ஜோக் வரும்.

"டிஜிட்டல் மிக்ஸர்தானே, போன தடவை செட்டிங்கை ஒரே பட்டனில் கொண்டுவரலாமே" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். வரலாம். போன தடவை மைக் எங்கே இருந்ததோ, மானிட்டர் எந்தக் கோணத்தில் இருந்ததோ, அதே இடத்தில் இப்போதும் இருந்தால். முன்னால் வருவதை நன்றாகக் கேட்கும் சாதாரண கார்டியாய்டு மைக்குக்கு நேர் பின்பக்கம் காது மந்தம், அதனால் மானிட்டரை நேர் பின்னால் வைப்போம். இன்னும் குறுகலாகக் கேட்கும் சூப்பர் கார்டியாய்டுக்கு மந்தமான இடம் பின்பக்கத்தின் இரு ஓரங்கள். மைக்கை மட்டும் மாற்றி மானிட்டரை அங்கேயே விட்டால் பட்டன் என்ன செய்யும்? பட்டனுக்குக் கண் இல்லை.

"திறமையானவர் என்றால் சமாளித்திருப்பார்." இருக்கலாம். திறமை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சமாளிப்பதை வைத்து ஒரு வருஷத்தை ஓட்டுவதா?

"பெரிய விழாக்களில் 15 நிமிஷத்தில் மாற்றுகிறார்களே?" மாற்றுகிறார்கள். அங்கே அடுத்த குழுவின் வாத்தியங்கள் சக்கரப் பலகையில் முன்பே மைக் மாட்டித் தயாராக நிற்கும், மானிட்டருக்குத் தனி ஆள், தனி மிக்ஸர், மேடைக்கு ஏழெட்டுப் பேர். இங்கே இரண்டு பேர். அதில் ஒருவர்தான் புரொஜெக்டரையும் பார்க்கிறார்.

"கோடி கொட்டிக் கட்டிய அரங்கத்தில் ஒலி சரியில்லையா" என்கிற வாதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் 1962-இல் திறந்த இசை அரங்கத்தில் ஒலி சரியில்லை என்று 1976-இல் உள்ளே எல்லாவற்றையும் பெயர்த்துத் திருப்பிக் கட்டினார்கள், மறுபடியும் மாற்றி 2022-இல் திறந்தார்கள். பணம் கொட்டினால் ஒலி வந்துவிடாது. எது நடக்கப்போகிறது என்பதைப் பொறுத்து அரங்கம் மாற வேண்டும். பேச்சுக்கும் நாடகத்துக்கும் எதிரொலி ஒரு விநாடிக்குள் அடங்கினால் சொல் தெளியும். சிம்பொனி மாதிரியான இசைக்கு 2 விநாடிவரை நின்றால்தான் நிறைவு. 1895-இல் ஹார்வர்டில் ஒரு விரிவுரை அரங்கில் பேசுவது யாருக்கும் புரியவில்லை என்று சபைன் என்ற இளம் பேராசிரியரைப் பார்க்கச் சொன்னார்கள். எதிரொலி ஐந்தரை விநாடி. பக்கத்து அரங்கின் மெத்தைகளை ராத்திரியில் சுமந்துகொண்டு வந்து அடுக்கி அளந்துதான் அரங்க ஒலியியல் என்ற இந்தத் துறையே பிறந்தது. ஆள் உட்கார்ந்தாலும் மெத்தை மாதிரிதான், ஒலியை உறிஞ்சுவார்கள். காலி அரங்கில் வைத்த அளவு நிறைந்த அரங்கில் மாறும். அதனால் கச்சேரி தொடங்கியதும் செய்ய வேண்டியிருக்கிற முதல் பத்து நிமிஷத் திருத்தத்தைத்தான் நீங்கள் தூக்கம் என்கிறீர்கள்.

வருஷம் முழுக்கப் பலவகை நிகழ்ச்சி என்று போஸ்டரில் போடுவது பெருமைதான். அந்தப் பலவகைக்கு உள்ளே என்ன இருக்கிறது? நடனத்துக்கு அடியில் காற்றிடம் விட்ட மரத்தளம் வேண்டும், வெறும் சிமென்டில் மணிக்கணக்காகக் குதித்தால் முழங்கால் போகும். ஸ்டாண்ட்-அப் காமெடிக்கு ஒரே மைக் போதும், ஆனால் முன்வரிசை நெருக்கமாக இருக்க வேண்டும், ஏ.சி. இரைச்சல் இருந்தால் இடைவெளியில் விழ வேண்டிய சிரிப்பு விழாது. நீளமான அரங்கில் பின்வரிசைக்கு வைக்கிற துணை ஸ்பீக்கரை, மேடை ஒலி வந்து சேரும்வரை தாமதப்படுத்த வேண்டும். 20 மீட்டருக்கு ஏறக்குறைய 58 மில்லி விநாடி. நாற்காலி வரிசையை மாற்றி ஸ்பீக்கரை நகர்த்தினால் அதையும் மறுபடி அளக்க வேண்டும். இது எதுவும் போஸ்டரில் வராது, சரி. அட்டவணையிலாவது வரலாமே? ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாற மூன்று மணி நேரம். அதற்குக் குறைந்தால் இரண்டாவது நிகழ்ச்சியை வேறு நாளில் வையுங்கள். நேரம் கொடுங்கள். வேறு எதுவும் கேட்கவில்லை.

பேச வந்தவர் மைக்கின் தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடிப்பார். பொத்தினால் அதன் பின்பக்க வழி அடைபட்டு எல்லாத் திசையையும் கேட்கத் தொடங்கும், உடனே கூவும். உடனே எல்லாத் தலையும் மிக்ஸர் பக்கம் திரும்பும். ஒருவராவது அந்தக் கையைப் பார்த்திருக்கிறாரா? இன்னொருவர் ஊதிப் பார்ப்பார். இன்னொருவர் ஸ்பீக்கருக்கு முன்னாலேயே போய் நின்று "சத்தம் வைங்க" என்பார். நன்றாக நடந்த நிகழ்ச்சிகளில் சவுண்ட் பார்க்கிற அந்த இரண்டு பேரின் பெயர் நன்றியுரையில் வராது, "ஒலி ஒளி அமைத்தோர்" என்று ஒரே மூச்சில் போய்விடும். ஒரு நாள் கூவினால் மட்டும் மேடையிலிருந்து தனி அறிமுகம்.

அமைப்பாளர் நல்லவர் என்று இன்பாக்ஸில் சொல்கிறார்கள். நல்லவராகவே இருக்கட்டும். அடுத்த மாத அட்டவணையையும் அவர்தான் போட்டிருக்கிறார். இரண்டாவது ஞாயிறு காலை நடனம், மாலை ஸ்டாண்ட்-அப். நடுவே முக்கால் மணி நேரம் விட்டிருக்கிறார், அதற்கு நேரே எழுதியிருப்பது "அரங்கம் சுத்தம் செய்தல்".